மன்னார்க் கரைக்கு ஒரு யாத்திரை

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், பல்கலைக்கழக மாணவ அங்கத்தினர் சார்பில் நிகழ்த்திய பேச்சு)



கரையோரப் பகுதியில் நம் வாலிபர்கள் சென்று காணத்தக்க சரித்திரப் புகழ் வாய்ந்த இடங்கள் எவை என்பது பற்றிப் பேசுமாறு செயலாளர் எங்களைப் பணித்தார். கடற்கரை என்றதும் நம்மவர் மனத்தில் எழுவன காலிமுகத் திடலும் பெந்தோட்டையும் ஹிக்கடுவையுமே. சென்ற இரண்டு சுற்றுலாக்களும் அப்படியே அமைந்தன. பஸ் வண்டியிலே பாட்டு, கடலிலே குளிப்பு, திரும்பும்போது அவிசாவளையில் ஒரு தேநீர் என்று முடிந்தன. அதிலே குற்றமொன்றுமில்லை, ஆடிப் பாடியவர்களில் நாங்களும் இருந்தோம். எனினும் இவ்வாண்டு வேறொரு கரையை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். அது மன்னார்க் கரை.

இதனைச் செயற்குழுவில் சொன்னபோது, பெரியவர் ஒருவர், "அங்க என்னப்பா இருக்கு? கழுதையும் கருவாடுந்தானே!" என்று சிரித்தார். கழுதைகள் இருப்பது உண்மை. மன்னார்ப் பட்டினத்து வீதிகளிலே அவை யாருக்கும் அஞ்சாமல் நிற்கின்றன. பஸ் வண்டிதான் ஒதுங்கிப் போகவேண்டியிருக்கிறது. கருவாடும் உண்டு. ஆனால் அந்தக் கரையிலே நம்முடைய பாட்டன் பூட்டனின் காலடியும் உண்டு என்பதைச் சொல்லவே இங்கு வந்து நிற்கிறோம்.

எங்களுள் பலர் மிஷன் பாடசாலையிலே படித்தவர்கள். இஸ்ரவேலர் செங்கடலைக் கடந்த வரலாறு எங்களுக்குப் பத்து வயதிலேயே மனப்பாடம். மோசே கோலை நீட்டியதும், கடல் இரண்டாகப் பிளந்ததும், பார்வோனின் தேர்கள் மூழ்கியதும் படம் படமாக மனத்திலே நிற்கின்றன. அது நல்ல கதை; அதைக் கற்பித்த ஆசிரியர்களுக்கு நாங்கள் கடமைப்பட்டவர்கள். ஆனால் நம் சொந்தச் சனம் கடல் கடந்து வந்த வரலாற்றை இருபது வயதுக்கு மேலே, பல்கலைக்கழக நூல்நிலையத்திலே தேடித்தான் படித்தோம். வீட்டிலும் ஒருவரும் சொல்லவில்லை. கேட்டால், "அதெல்லாம் எதுக்கு இப்ப?" என்பார்கள்.

படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறோம். 1823ஆம் ஆண்டளவிலே கம்பளைக்கு அருகே கோப்பித் தோட்டம் உண்டாகியது. அதன்பின் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிமார் ஆட்களைக் கூட்டி வரத் தொடங்கினர். பாம்பனிலிருந்து தோணியேறி, மன்னார்ப் பக்கத்திலே இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். வழியெல்லாம் காடு. குடிநீர் கிடைப்பது அரிது. வாந்திபேதி வந்தால் வந்த இடத்திலேயே கிடக்கவேண்டியதுதான். விழுந்தவரைத் தூக்கிச் செல்ல உடன் வந்தோருக்கும் பலமில்லை. 2023ஆம் ஆண்டிலே, மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஏறக்குறைய 250 கிலோமீற்றர் தூரத்தைப் பலர் கால்நடையாக நடந்தார்கள். ஜூலை 28இல் தொடங்கி ஓகஸ்ட் 12இல் முடித்தார்கள். தண்ணீர்ப் போத்தலும் சப்பாத்தும் வைத்திய உதவியும் கொண்டு சென்றவர்களுக்கே பதினாறு நாள் பிடித்தது.

இங்கே ஒன்றை ஒளிக்காமற் சொல்லிவிட வேண்டும். சப்பிரகமுவத் தோட்டங்களுக்கு வந்தவர்கள் எல்லோருமே மன்னார் வழியாக வந்தவர்களல்லர். தூத்துக்குடியிலே கப்பலேறிக் கொழும்பிலே இறங்கி இப்பக்கம் வந்த குடும்பங்களும் உண்டு. ஆகவே ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டறிவது நலம். ஆனால் 1914ஆம் ஆண்டிலே பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பற் சேவை தொடங்கியபின், நம்மவர் பிரயாணத்துக்கு அதுவே பெருவழியாயிற்று.

எங்கள் பிரயாணத்தைச் சொல்கிறோம். நாங்கள் நால்வர், விடுமுறையிலே மூன்று நாள் ஒதுக்கிப் போனோம். குருவிட்டவிலிருந்து கொழும்புக்குப் பஸ். அங்கிருந்து இராப் புகையிரதம். நம் ஊருக்கும் ஒரு காலத்திலே சிறு கோச்சி ஓடியதை இங்குள்ள பெரியோர் அறிவீர்கள். 1912இல் இரத்தினபுரி வரை வந்த அந்தக் களனிப் பள்ளத்தாக்குப் பாதை, அவிசாவளைக்கு அப்பால் 1970களிலே கைவிடப்பட்டது. மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குச் செல்லும் 106 கிலோமீற்றர்ப் பாதைக்கும் அதே கதி நேர்ந்தது. 1990இல் யுத்தத்தினால் நின்று, இருபத்தைந்து ஆண்டு காடு மண்டிக் கிடந்து, 2015 மார்ச்சில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்தப் பாதைக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் நம் பாதைக்குக் கிடைக்கவில்லை.

மடு வீதியைத் தாண்டியதும் நிலம் மாறுகிறது. மலையில்லை. எங்கள் கண் மலையைத் தேடித் தேடி ஏமாந்தது. பனையும் உடைமரமும் உப்புநீர்த் தரவையுமாக, எல்லாம் ஒரே மட்டம். தரையிலிருந்து தீவுக்குச் செல்லும் பாலத்தின் இரு மருங்கிலும் ஆழமற்ற நீரிலே பறவைகள் நிற்கின்றன. வங்காலைப் பறவைகள் சரணாலயம் 2010இல் உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாக அங்கீகரிக்கப்பட்டது. மாரிகாலத்திலே வடதிசை நாடுகளிலிருந்து வரும் பறவைகளைக் காண்பதற்கென்றே வெளிநாட்டார் வருகிறார்கள். குளிருக்கு அஞ்சிக் கடல் கடந்து வருவனவும், காலம் மாறியதும் திரும்புவனவுமாகிய அவற்றுக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் தேவையில்லை என்று எங்களுள் ஒருவர் சொன்னார். சிரித்தோம், பிறகு கொஞ்ச நேரம் எவரும் பேசவில்லை.

புகையிரதம் போய் முடியும் இடம் தலைமன்னார் பியர். இறங்குதுறை கடலுக்குள்ளே நீண்டு செல்கிறது. இரும்புத் தூண்கள் துருவேறி நிற்கின்றன. அருகிலே கலங்கரை விளக்கம். கரையெங்கும் மீன்பிடி வள்ளங்கள். எதிரே ஏறக்குறைய 30 கிலோமீற்றரில் தனுஷ்கோடி. இடையிலே மணற்றிட்டுக்கள் வரிசையாகக் கிடக்கின்றன. இராமர் அணை என்று நாம் சொல்வதும், ஆதாம் பாலம் என்று மற்றவர் சொல்வதும் அதுவே. நம் எரத்ன வழியாக ஏறிச் செல்லும் சிவனொளிபாத மலைக்கும் ஆதாமின் பெயரையே அவர்கள் இட்டிருக்கிறார்கள் அல்லவா? 1344இல் இந்நாட்டுக்கு வந்த இபுனு பதூதா என்ற அராபிய யாத்திரிகர், கடலில் வரும்போதே அம்மலை புகைத்தூண்போலத் தெரிந்ததாக எழுதிவைத்தார். நாம் விடியற்காலையில் வாசலிலே நின்று பார்க்கும் மலை, கடலோடிகளுக்குக் கரை காட்டும் அடையாளமாக இருந்திருக்கிறது.

அந்த இறங்குதுறையிலே இர்வின், கோஷன் என்னும் நீராவிக் கப்பல்கள் வந்து நின்றன. அக்கரையில் மண்டபம் முகாமிலே நம்மவரைத் தங்கவைத்து, வைத்தியப் பரிசோதனை செய்து, அம்மைப்பால் குத்தி அனுப்பினர். 1901 முதல், போகவேண்டிய தோட்டத்தின் எண் பொறித்த தகரவில்லையை ஆளுக்கொன்று கட்டிவிடும் வழக்கமும் இருந்தது. பெயர் தேவைப்படவில்லை; எண் போதும்.

வந்த வழி அது. போன வழியும் அதுவே. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் நம்மவர் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை அளிப்பதென்றும் தீர்மானமாயிற்று. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டனர். அரிசி மூடையைப் பங்கிடுவதுபோலத்தான்! ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டு மாதம் செல்லுமுன், அவ்வாண்டு டிசெம்பர் 22ஆந் தேதி இரவு அடித்த சூறாவளியிலே தனுஷ்கோடி அழிந்தது. பயணிகளோடு வந்த புகையிரதத்தையும் கடல் கொண்டது. பின்னர் கப்பல் இராமேஸ்வரத்துக்கே ஓடியது. மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற வண்டிக்கு நம் சனங்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. 1984இல் கப்பற் சேவையும் நின்றது. மண்டபம் முகாமோ, தாயகம் திரும்பியவர்களையும் ஏற்றது. 1983க்குப் பின் இங்கிருந்து ஓடிய அகதிகளையும் ஏற்றது.

எங்கள் அம்மாயிக்கு ஒரு தங்கை இருந்தார். 1973இல் கணவனோடும் கைக்குழந்தையோடும் புறப்பட்டுப் போனார். அம்மாயிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. தங்கைக்கு இந்தியக் கடவுச்சீட்டு. கொழும்புக் கோட்டைப் புகையிரத நிலையம் வரைதான் அம்மாயி போனார். அதற்குமேல் போகக் கையிலே காசில்லை. அடுத்த நாள் பால்வெட்டுக்குப் பேர் விழவும் வேண்டும். கூடலூரிலிருந்து சில கடிதங்கள் வந்தன, பிறகு நின்றுவிட்டன. நாங்கள் மன்னாருக்குப் போகிறோம் என்றதும் அம்மாயி, "அவ கப்பலேறின எடத்த நான் பாக்கவேயில்ல. நீயாவது பாத்துட்டு வந்து சொல்லு" என்றார். ஐம்பது ஆண்டாக ஒருவரிடமும் சொல்லாத விஷயம்.

இறங்குதுறையிலே வெகுநேரம் நின்றோம். புகைப்படம் எடுக்கவும் மனம் வரவில்லை. பிறகு அம்மாயிக்காக எடுத்தோம்.

மொரீசியஸ் தீவிலே போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் ஆப்பிரவாசி காட் என்ற இடமொன்று உண்டு. 1834 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்கள் கால்வைத்த படிகள் பதினாறு அங்கே இருக்கின்றன. 2006இல் அது உலக மரபுரிமைச் சின்னமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. நவம்பர் 2ஆந் தேதி அங்கே தேசிய விடுமுறை. நாட்டின் தலைவர்களே வந்து மலர் வைக்கிறார்கள். பதினாறு கற்படிகளுக்கு அத்தனை மரியாதை! தலைமன்னாரில் நாங்கள் நின்ற இடத்திலே, இரும்புத் தூணில் வலை காயப்போட்டிருந்தது. வலை காயப்போட்டவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கு அது தொழில். நாமல்லவா போகாமலிருந்தோம்?

மன்னார்ப் பட்டினத்துக்குத் திரும்பினால், பாலத்தருகே கோட்டை. 1560இல் போர்த்துக்கேயர் கட்டியது. 1658இல் ஒல்லாந்தர் பிடித்துப் பின்னர் திருத்திக் கட்டினர். 1795இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. நான்கு கொத்தளம், சுற்றி அகழி, உள்ளே இடிந்த தேவாலயம். காலிக் கோட்டையைப் பார்த்தவர்களுக்கு இது சிறியதாகவே தோன்றும். பள்ளிமுனையிலுள்ள பெருக்க மரம் அப்படியன்று. அராபிய வணிகர் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்து நட்டது என்பர். சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். நாங்கள் நால்வரும் கைகோத்துப் பார்த்தோம், பாதிகூட எட்டவில்லை. சிறுவர்கள் பார்த்துச் சிரித்தார்கள்.

திருக்கேதீஸ்வரத்துக்கு ஒரு முழுநாள் வேண்டும். திருஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம், பாலாவித் தீர்த்தம், மாதோட்டம் என்னும் பழைய துறைமுகம். 1590 அளவிலே போர்த்துக்கேயர் கோயிலை இடித்தனர். அதன் கற்கள் மன்னார்க் கோட்டைக்குப் போயின என்பது அவ்வூரார் வழிவழியாகச் சொல்வது. இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. 1544இல் யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் ஆணையினால், மன்னாரிலே கிறிஸ்தவராகிய ஏழை மக்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர். தோட்டவெளியிலே அவர்களை வேதசாட்சிகளென்று இன்றும் வணங்குகிறார்கள். இந்துக் கூட்டத்திலே இதை ஏன் பேசுகிறாய் என்று எவரும் எண்ணவேண்டாம். மன்னார்க் கரையின் துயரம் எந்த ஒரு மதத்துக்கும் தனிச்சொத்தன்று. 1990 ஒக்டோபரிலே, அந்தத் தீவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியதும் அதே கரையிலேதான்.

இடிந்த தலத்தை மீண்டும் எழுப்பவேண்டுமென்று 1872இல் ஆறுமுக நாவலர் குரலெழுப்பினார். அவர் காலத்திலே அது நிறைவேறவில்லை. 1890களிலே நிலத்தை வாங்கி, அகழ்ந்து, பழைய சிவலிங்கத்தைக் கண்டெடுத்தனர். 1903இல் குடமுழுக்கு நடந்தது. 1948இல் திருப்பணிச் சபை அமைந்து, 1976இல் மறுபடி குடமுழுக்கு. யுத்த காலத்திலே அடியார் செல்ல முடியாதிருந்த ஆண்டுகளும் உண்டு. கருங்கற் திருப்பணி நிறைவேறி 2022 ஜூலையிலே மீண்டும் குடமுழுக்குக் கண்டது. பாலாவியிலே நீராடி, குடத்தில் நீர் எடுத்துச் சென்று மகாலிங்கத்துக்கு நாமே அபிஷேகம் செய்யலாம். குலமும் கேட்பதில்லை, ஊரும் கேட்பதில்லை. நம் தாய்மார்களுக்கு இதற்காகவே அந்த யாத்திரை தகும்.

கோயிலைச் சுற்றியுள்ள மேட்டுநிலந்தான் பண்டைய மாந்தை. சீனப் பீங்கானும் பாரசீகக் கலத்தின் ஓடுகளும் அங்கே அகழ்வாய்விலே கிடைத்திருக்கின்றன. எங்களை மிகவும் கவர்ந்தது வேறு: கருகிப்போன சில மிளகு மணிகளும், ஒரேயொரு கிராம்பும். அந்தக் கிராம்பு ஆயிரம் ஆண்டளவு பழமையானது. கிராம்பு அக்காலத்தில் விளைந்தது கிழக்கே வெகு தூரத்திலுள்ள மொலுக்காத் தீவுகளிலே மட்டும். கேகாலைப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் நண்பர்கள் வீட்டு முற்றத்திலே பாயில் உலர்த்தும் அதே கிராம்பு, எத்தனை கப்பல் மாறி மாந்தைக்கு வந்ததோ!

தெற்கே அரிப்பு. கண்டியரசனிடம் பத்தொன்பது ஆண்டுக்கு மேல் சிறையிருந்து தப்பிய றொபேட் நொக்ஸ், 1679இல் மல்வத்து ஓயா வழியாக வந்து சேர்ந்தது இங்கிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்கே. தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்கு 1800களின் தொடக்கத்திலே கட்டிய மாளிகையும் அருகிலுண்டு. ஊரார் அதை அல்லிராணி கோட்டை என்கிறார்கள். தூண்கள் சிலவே மிச்சம். கடல் கரையை அரித்துக்கொண்டு வருகிறது. போக விரும்புவோர் விரைந்து போவது நல்லது. முத்து முடிந்து நெடுங்காலமாயிற்று. கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1925இலே.

மடுமாதா கோயிலைப் பற்றி நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இங்கிருக்கும் தாய்மார் சிலர் ஆடி, ஆவணியிலே நேர்த்திக்கடனுக்குப் போய்வந்தவர்களே. மடுவிலே இந்துவா கிறிஸ்தவரா என்று எவரும் கேட்பதில்லை. முருங்கன் சந்தியிலே ஒரு தேநீர்க் கடையில் மட்டும் ஒரு சம்பவம். நாங்கள் பேசியதைக் கேட்ட கடைக்கார அம்மா, "நீங்க எந்தத் தோட்டம்?" என்று கேட்டார். "தோட்டம்" என்று அவர் சொன்ன தோரணையிலேயே விளங்கிவிட்டது. 1977 கலவரத்திலே இரத்தினபுரிப் பக்கத்திலிருந்து லயம் எரிந்து ஓடிவந்த குடும்பம். அவருக்கு அப்போது ஆறு வயது. ஆற்றின் பெயர் நினைவிலில்லை. அதன் சத்தம் நினைவிருக்கிறதென்றார். குரு கங்கையா, களு கங்கையா என்று நாங்கள் கேட்டோம். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. தேநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

வீடு திரும்பியதும் அம்மாயியிடம் படத்தைக் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கையடக்கத் தொலைபேசியைத் தூரத்தில் வைத்தும் கிட்டத்தில் வைத்தும் பார்த்தார். நாங்கள் 1964 ஒப்பந்தத்தைப் பற்றியும் கப்பல்களைப் பற்றியும் விளக்கினோம். அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. "அங்க நெழலுக்கு ஒரு மரமாச்சும் இருக்கா? கைப்புள்ளையோட எம்புட்டு நேரம் வெயில்ல நின்னாளோ" என்றார். அதைப் பார்த்துவர எங்களுக்குத் தோன்றவில்லை.

இனி, பயண விபரம். மூன்று நாள் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஆடியிலே வெயிலும் காற்றும் தாங்க முடியாது. தை, மாசி உகந்தது, பறவைகளும் இருக்கும். மகா சிவராத்திரியன்று திருக்கேதீஸ்வரத்திலே கால்வைக்க இடமிராது. ஆகவே அதற்கு இரண்டு வாரம் முன்பாகப் போகலாம். கோயிலைச் சுற்றி மடங்கள் உண்டு. முன்கூட்டி எழுதினால் தங்க இடம் கிடைக்கும். குடிநீர் கொண்டு போகவேண்டும். குடையும் வேண்டும்.

வாலிபர்கள் மட்டும் போகும் சுற்றுலாவாக இதனை வைக்கவேண்டாமென்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறோம். தலைமன்னாரிலே தங்கள் உறவினரைக் கப்பலேற்றி அனுப்பியவர்களும், அனுப்பிவிட்டுப் பார்க்க முடியாமற் போனவர்களும் இந்தச் சபையிலேயே இருக்கிறீர்கள். பஸ்ஸின் முன் ஆசனங்களை அவர்களுக்கு ஒதுக்கிவிட்டு, எஞ்சியதை நாங்கள் பங்கிட்டுக்கொள்வோம். பெயர் கொடுக்க விரும்புவோர் இக்கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் கொடுக்கலாம். முதலாவது பெயராக அம்மாயியின் பெயரை நாங்கள் எழுதிவிட்டோம்; அவரிடம் இன்னும் சொல்லவில்லை.